டெட்வுட் சில்லுகள்: ஒரு தங்கச் சுரங்க ஊரின் சூதாட்டச் சேகரிப்பு

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கு நடுவே ஒடுக்கமான பள்ளத்தாக்கில் கிடக்கிறது டெட்வுட். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. 1876இல் தங்கம் அரிக்க வந்தவர்கள் கூடாரமடித்த இடம். பக்கத்து ஊரான லெட் நகரின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002இல் மூடப்படும்வரை சுற்றுவட்டாரத்துக்கே சோறு போட்டது. இத்தனை சிறிய ஊரின் பெயரைத் தாங்கிய சூதாட்டச் சில்லுகள் மட்டும் பெரிய ஆல்பத்தை நிரப்பும். சில்லு என்றால் சூதாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டத் துண்டு. பாண்டி ஆடும் சில்லோடு பெயர்தான் ஒற்றுமை.

டெட்வுட்டைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். துப்பாக்கி வீரரும் சூதாடியுமான வைல்ட் பில் ஹிக்காக் இந்த ஊரில் சுடப்பட்ட காலத்துச் சில்லு ஒன்று வேண்டும் என்பதே முதல் ஆசை. அப்படி ஒன்று ஊர்ப்பெயரோடு சந்தைக்கு வந்தால், அதை வாங்காமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேதிகள் முதலில்

ஹிக்காக் சுடப்பட்டது 1876 ஆகஸ்ட் 2 அன்று, நட்டல் அண்ட் மான்ஸ் மதுக்கூடத்தில். மூன்று ஆண்டு கழித்து, 1879 செப்டம்பர் 26 அன்று, ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ இரும்புச்சாமான் கடையிலிருந்த வெடிமருந்துப் பீப்பாய்களை எட்டியது. ஏறத்தாழ 300 கட்டடங்கள் போயின; நட்டல் அண்ட் மான்ஸும் போனது. அல் ஸ்வேரெங்கன் நடத்திய ஜெம் தியேட்டர் அந்தத் தீயிலும் எரிந்தது, திரும்பக் கட்டியபின் 1899இலும் எரிந்தது.

தொழில்நுட்பத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1870களில் மேசையில் புழங்கியவை தந்தம், எலும்பு, முத்துச்சிப்பி வில்லைகள். கூடத்தின் பெயர் பொறித்தவை அபூர்வம். வெறும் எண்ணோ பூவேலையோதான் இருக்கும். களிமண் கலவையை அரக்கோடு சேர்த்து அச்சில் அழுத்திச் செய்த சில்லுகள் பரவலானது 1880களில். ஆகவே '1876' என்ற ஆண்டும் கூடத்தின் பெயரும் பளிச்சென்று தங்கத்தாளில் பதித்த 39 மில்லிமீட்டர் களிமண் சில்லு, அந்தக் காலத்துப் பொருளாக இருக்க வழியே இல்லை. ஜெம், பெல்லா யூனியன் போன்ற பெயர்களில் சுற்றுபவை நினைவுப் பொருள்கள். 2004இல் ஊரின் பெயரிலேயே தொலைக்காட்சித் தொடர் வந்ததும் அவற்றுக்குக் கிராக்கி கூடியது. நினைவுப் பொருள் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. இரண்டாவது கைக்குப் போகும்போதுதான் 'பாட்டனார் பெட்டியில் கிடந்தது' என்ற கதை ஒட்டிக்கொள்கிறது.

1889இல் தெற்கு டக்கோட்டா மாநிலமானது. அதன்பின் சட்டப்படி சூதாட்டம் கூடாது. டெட்வுட் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1947இல் மாநில அரசு இறங்கி மூடும்வரை கூடங்கள் நடந்தன. பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் வெற்றிடம். 1987 டிசம்பரில் முதன்மைத் தெருவில் ஒரு பழைய கட்டடம் தீயில் போனது. பாழடைந்த ஊரைக் காப்பாற்றப் பணம் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. 1988 நவம்பரில் மாநில வாக்காளர்கள் அரசியலமைப்பைத் திருத்தச் சம்மதித்தார்கள். 1989 நவம்பர் 1 நண்பகலில் சட்டபூர்வமான ஆட்டம் தொடங்கியது. மாநிலத்தின் நூற்றாண்டு நாளுக்குச் சரியாக ஒரு நாள் முன்பு. நெவாடாவுக்கும் அட்லாண்டிக் சிட்டிக்கும் அடுத்து, அமெரிக்காவில் வணிகச் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி நடந்த மூன்றாவது இடம் இதுதான்.

உறுதியாக அடையாளம் சொல்லக்கூடிய டெட்வுட் சில்லுகளில் மிகப் பெரும்பாலானவை 1989 நவம்பருக்குப் பிந்தியவை என்பதை இங்கேயே ஒத்துக்கொண்டால் பிறகு வலிக்காது.

ஒரே தெருவில் ஏன் இத்தனை பெயர்கள்

தொடக்கக் காலச் சட்டம் ஒரு உரிமத்துக்கு, ஒரு கட்டடத்துக்கு 30 ஆட்டக் கருவிகள் என்று வரம்பு வைத்தது. காசுப்பொறியும் ஒரு கருவி, சீட்டு மேசையும் ஒரு கருவி. ஒருவர் மூன்று உரிமங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆக மொத்தம் 90. பெரிய ஒற்றை விடுதி கட்ட வழியில்லாததால் முதன்மைத் தெருவின் ஒவ்வொரு பழைய கடை முகப்பும் தனித்தனி விடுதியானது. உள்ளே சுவரை இடித்து வழி விட்டிருப்பார்கள். வெளியே பெயர் வேறு, உரிமம் வேறு.

சேகரிப்பவருக்கு இதன் விளைவு நேரடியானது. குறுகிய காலம் நடந்து பெயர் மாறிய சிறு கூடங்கள் ஏராளம். ஒரு மேசை, இரண்டு மேசை வைத்திருந்த இடத்துக்குச் சில்லுகள் குறைவாகத்தான் தேவைப்படும். அடுத்த உரிமையாளர் பெயர்ப்பலகையை மாற்றியதும் பழைய சில்லுகள் செல்லாக்காசு. இப்படிப்பட்ட கூடத்தின் ஒரு டாலர் சில்லு, பிரபலமான பெரிய விடுதியின் நூறு டாலர் சில்லைவிட அரிதாக இருப்பது டெட்வுட்டில் சாதாரணம். முகமதிப்பைப் பார்த்து அரிய பொருள் என்று எண்ணுவது இந்த ஊரில் செல்லாது.

பந்தய வரம்பும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1989இல் ஒரு பந்தயத்துக்கு உச்சம் 5 டாலர். 2000இல் அது 100 ஆனது, 2012இல் 1,000. முதல் பத்தாண்டில் மேசையில் உழைத்தவை 1 டாலர், 2.50 டாலர், 5 டாலர் சில்லுகள். 2.50 எதற்கு என்று கேட்கலாம். பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் வைத்த இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் கொடுப்பார்கள். 5 டாலர் பந்தயத்துக்கு 7.50 வரும். அந்த அரையை நாணயமாக எண்ணிக் கொடுத்து மேசையை மெதுவாக்காமல் ஒரே சில்லில் முடிக்கத்தான் அது.

அதே காலத்தில் 25, 100 டாலர் சில்லுகளைப் பந்தயத்தில் வைக்க முடியாது. ஆட்டக்காரர் எழும்போது குவிந்ததைச் சுருக்கி மாற்றிக் கொடுப்பதற்கே அவை பயன்படும். அதனால் தேய்மானம் குறைவாக இருக்கவேண்டும். 2000க்கு முன் மூடிய கூடத்தின் 100 டாலர் சில்லு முனை மழுங்கி, பதிப்பு அழிந்து வந்தால் சந்தேகப்படுங்கள். அது பொய் என்று முடிவாகாது. ஆனால் மேசையில் தேயாத சில்லு வேறெங்கே தேய்ந்தது என்பதற்குப் பதில் வேண்டும்.

ஒரு சிவப்புச் சில்லு, கையில்

ஐந்து டாலர் சில்லு பெரும்பாலும் சிவப்பு. அதை மேசை விளக்கின் கீழ் வைத்து ஒழுங்காகப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, வெர்னியர் காலிப்பர், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்.

விளிம்பிலிருந்து தொடங்கவேண்டும். முகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்ததும் மனம் முடிவுகட்டிவிடும். அதனால் அது கடைசி. களிமண் கலவைச் சில்லில் விளிம்புப் பட்டைகள் வேறு நிறக் கலவைத் துண்டாக உள்ளே வைத்து அழுத்தப்பட்டவை. ஒரு முகத்தில் தெரியும் பட்டை விளிம்பைக் கடந்து மறுமுகத்திலும் அதே இடத்தில் தெரியவேண்டும். நிறம் எல்லையில் லேசாகக் கசிந்திருக்கும். கத்தி வெட்டினாற்போல எல்லை துல்லியமாக இருந்து, சில்லைத் தட்டினால் பிளாஸ்டிக் ஓசை வந்தால், வீட்டு ஆட்டத்துக்கான மலிவுப் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

அடுத்து, முகத்தின் ஓரமாக ஓடும் புடைப்புச் சின்னம். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு அச்சு. தொப்பியும் கைத்தடியும் மாறிமாறி வந்தால் அது லாஸ் வேகாஸின் பால்-சன் நிறுவனத்து அச்சு. புடைப்பே இல்லாமல், விளிம்புவரை படம் வழவழப்பாக அச்சாகியிருந்தால் சிப்கோ நிறுவனத்து வகையாக இருக்கலாம். நடுவில் உலோகத் துண்டு தெரிந்தால் பட் ஜோன்ஸ் நிறுவனத்தின் பக்கம் தேடலாம். பால்-சன், பட் ஜோன்ஸ் இரண்டும் பிரான்சின் பூர்கோன் எ கிராசே நிறுவனத்துடன் 2002இல் ஒரே குடையின் கீழ் போய்விட்டன. ஆனாலும் பழைய அச்சுப் பெயர்களைத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒன்றை மறக்கக்கூடாது: தொப்பி-கைத்தடி அச்சிலேயே வீட்டு ஆட்டச் சில்லுகளும் வந்திருக்கின்றன. அச்சு தயாரிப்பாளரைச் சொல்லும், விடுதியைச் சொல்லாது.

அளவு 39 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எடை ஒன்பது, பத்து கிராம் அளவில். ஒரே விடுதியின் இரண்டு சில்லுகள் கால் கிராம் மாறினால் தேய்மானம். ஒரு கிராமுக்கு மேல் மாறினால் வேறு தயாரிப்பு. புழங்காத சில்லின் முனை கூர்மையாக இருக்கும், கண்ணாடிமேல் விளிம்பில் நிறுத்தினால் நிற்கும். உருண்டு விழுவது ஆடித் தேய்ந்தது.

இப்போது முகம். இரண்டு வகைப் பதிப்புதான் அதிகம். ஒன்று, சூடேற்றிய பித்தளை அச்சால் உலோகத்தாளை அழுத்திப் பதிப்பது. ஹாட் ஸ்டாம்ப் என்பார்கள். தங்க நிறம் உதிர்ந்தாலும் எழுத்தின் பள்ளம் மிஞ்சும். விளக்கைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, சில்லை மெதுவாகச் சுழற்றினால் வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலாக எழும். மற்றது இன்லே: அச்சிட்ட தாள்வட்டத்தைச் சில்லோடு சேர்த்தே அழுத்துவது. இதில் அழுத்தும்போது விழும் சொரசொரப்பு தாளின்மேலும் களிமண்ணின்மேலும் ஒரே தொடர்ச்சியாக ஓடும். தாளின் மேற்பரப்பு மட்டும் வழவழப்பாக இருந்தாலோ, நகத்துக்கு ஓரம் தட்டுப்பட்டாலோ, பிறகு ஒட்டிய ஸ்டிக்கர். பழைய சில்லின் தாளைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டும் வழக்கம் வீட்டு ஆட்டக்காரர்களிடம் உண்டு. அவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்காது, ஆனால் அந்தச் சில்லு என்றோ ஒருநாள் சந்தைக்கு வரும்.

ஹாட் ஸ்டாம்பில் ஏமாற்று வேலை இன்னும் எளிது. எழுத்தில்லாத பழைய களிமண் சில்லு எங்கும் கிடைக்கும், அதில் புதிதாகப் பதித்தால் போதும். பிடிக்கும் வழி கீறல்களில் இருக்கிறது. உண்மையில் ஆடிய சில்லில் கீறல் எழுத்தின் குறுக்கே ஓடித் தங்கத்தாளையும் கிழித்திருக்கும். பிறகு பதித்ததில் கீறல் எழுத்தின் ஓரத்தில் நின்று, தாளின் அடியில் மறைந்து, மறுபக்கம் தொடரும். லென்ஸ் வழியே இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

1947க்கு முந்தியவை

இங்கேதான் பணமும் நேரமும் அதிகம் கரையும். சட்டவிரோதக் கூடம் தன் முழுப்பெயரைச் சில்லில் போடாது. சோதனையில் பிடிபட்டால் அதுவே சாட்சி. ஒன்றிரண்டு எழுத்து, ஒரு சின்னம், அவ்வளவுதான். அதே எழுத்துகளை நாடெங்கும் நூறு கூடங்கள் பயன்படுத்தியிருக்கும்.

சிகாகோ, நியூவர்க் முகவரிகளில் இயங்கிய மேசன் போன்ற வழங்குநர்களின் ஆர்டர் பதிவுகள் சில தப்பிப் பிழைத்துச் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்திருக்கின்றன. எந்த எழுத்து, எந்த அச்சு, என்ன நிறம், எத்தனை, எந்த ஊருக்கு என்று அதில் இருக்கும். அனுப்பிய முகவரி பல நேரம் சுருட்டுக்கடையாகவோ தனியாள் பெயராகவோ இருப்பதால், அடுத்த வேலை அந்த முகவரி எந்தக் கட்டடம் என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஊர் முகவரிப் புத்தகங்கள், தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்போர்ன் வரைபடங்கள், 1876 முதல் வரும் பிளாக் ஹில்ஸ் பயனியர் பத்திரிகையின் பழைய இதழ்கள். ஊரில் 1930இல் தொடங்கிய ஆடம்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹோம்ஸ்டேக் பெயரையும் தாங்கிய ஓர் ஆய்வு மையமும் இருக்கிறது.

அடையாளத்துக்கு மூன்று படி வைத்துக்கொள்வது நல்லது. ஆர்டர் பதிவும் கட்டடமும் பொருந்தினால் முதல் படி. குறிப்பிட்ட கட்டடத்தில் கிடைத்ததற்கு ஆவணம் இருந்து, எழுத்தும் கூடத்தின் பெயரோடு ஒத்துப்போனால் இரண்டாம் படி. விற்றவர் சொன்னார் என்பது மட்டும் இருந்தால் மூன்றாம் படி; அதற்குச் சாதாரணப் பழஞ்சில்லு விலைக்கு மேல் கொடுக்கக்கூடாது. மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறுவது அரிது. ஆனால் அட்டவணையில் ஒருவர் போட்ட கேள்விக்குறியை அடுத்தவர் நகலெடுக்கும்போது விட்டுவிடுவதால், சந்தேகம் உண்மையாகிப்போவது அடிக்கடி நடக்கிறது.

தாள் பதித்த சில்லு 1947க்கு முந்தியது என்றால் புற ஊதா ஒளி உதவும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுச் சாயங்கள் பரவலானது ஏறக்குறைய 1950இலிருந்து. இருட்டறையில் தாள் நீலவெள்ளையாகப் பளபளத்தால் பழையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு பொறிகள் உண்டு. சலவைத்தூளிலும் அதே சாயம் இருக்கிறது. யாராவது சலவைத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் உண்மையான பழைய சில்லும் ஒளிரும். ஆனால் அப்போது தாளோடு சேர்ந்து களிமண்ணின் பள்ளங்களும் திட்டுத்திட்டாக மினுங்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் படலம் புற ஊதாவைத் தடுத்தால் புதுத்தாளும் இருண்டே தெரியும். ஒளிர்ந்தால் சந்தேகம், ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை.

தந்த வில்லை கிடைத்தால் கொஞ்சம் நிற்கவேண்டும். தந்தத்தை குறுக்கே அறுத்த முகத்தில் வரிகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரியும். தந்தம் மாதிரி செய்த செல்லுலாய்டில் கோடுகள் இணையாக, சீராக ஓடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். அமெரிக்காவில் தந்த விற்பனைக்கு 2016 முதல் மத்திய அரசின் கெடுபிடி கடுமை, பழம்பொருள் என்று நிரூபிக்கும் சுமை விற்பவர் தலையில். இந்தியாவுக்குத் தபாலில் வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிக்கல் வரும்.

கழுவுதல்

பெரும்பாலும் கழுவாமல் விடுவதே சரி. ஒட்டிய அழுக்கு எழுத்தை மறைத்தால் மட்டும்: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், மென்மையான திரவச் சோப்பு ஒரு சொட்டு, குழந்தைகள் பல்துலக்கி. ஹாட் ஸ்டாம்ப் எழுத்தின்மேல் தேய்க்காமல் சுற்றியே தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணிமேல் படுக்கவைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். இன்லே சில்லை ஊறவைக்கவே கூடாது. தாளின் ஓரத்தில் நீர் இறங்கினால் பழுப்பு வளையம் விழும், அது போகாது.

ஆல்கஹால் தொடக்கூடாது; கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு சானிட்டைசர் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பழைய களிமண் சில்லைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு, அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு தடவை துடைத்தாலே மேல்தோல் பிசுபிசுத்து விரல்ரேகை பதிந்துவிடும். வெள்ளை மெலமைன் பஞ்சு நுண்ணிய உப்புத்தாள், அதுவும் வேண்டாம்.

கழுவிக் காய்ந்த களிமண் வெளிறித் தெரியும். சிலர் மினரல் ஆயிலைத் துணியில் ஒற்றித் தடவி நிறத்தை மீட்பார்கள். தடவலாம், ஆனால் விற்கும்போது சொல்லவேண்டும். எண்ணெய் பூசிய சில்லில் வெயில்பட்ட வெளிறல் மறைந்துபோகும். பழைய சில்லுகள் சிலவற்றின் கலவையில் எடைக்காக ஈயம் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

வைப்பதும் எழுதுவதும்

நாணய உறைகளில் பி.வி.சி. சேர்ந்தவற்றை ஒதுக்குங்கள். சில ஆண்டில் உள்ளிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து இன்லே படலத்தில் ஒட்டும். மைலார் அல்லது பாலிஎதிலீன் உறை போதும். வெள்ளி டாலர் நாணயத்துக்கென்று குடைந்த கூடுகள் 38.1 மில்லிமீட்டருக்கானவை. 39 மில்லிமீட்டர் சில்லை அதில் திணித்தால் விளிம்புப் பட்டையில்தான் முதல் விரிசல் விழும்.

ஒவ்வொரு சில்லுக்கும் இரு முகமும் விளிம்பும் 300 டிபிஐ ஸ்கேன். பதிவேட்டில் விடுதிப் பெயரைச் சில்லில் உள்ளபடியே எழுதவேண்டும், பிறகு வைத்த பெயரால் அல்ல. உதாரணமாக 1903இல் திறந்த பிராங்க்ளின் ஓட்டல் பின்னாளில் சில்வராடோ விடுதியோடு சேர்ந்தது. பிராங்க்ளின் பெயர் மட்டும் உள்ள சில்லைச் சில்வராடோ பக்கத்தில் போட்டால் வரிசை குழம்பும். நடிகர் கெவின் காஸ்ட்னர் நடத்திய மிட்நைட் ஸ்டார் 2017இல் மூடப்பட்டது. மூடிய கூடத்தின் சில்லுகளில் துளையிட்டவை, ஓரம் வெட்டியவை வந்தால் 'ரத்தானது' என்று குறிக்கவேண்டும். விலை குறையும், ஆனால் அசல்தான்.

இன்றும் நடக்கும் விடுதிகளின் ஒரு டாலர் சில்லுகளுக்கு வியாபாரியிடம் போகவேண்டாம். மேசையில் காசு கொடுத்து மாற்றி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம். பந்தய வரம்பு மாறிய ஆண்டுகளுக்குப் பக்கத்தில் புதிய வார்ப்பு வந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு பயணத்திலும் ஒரே மதிப்பில் இரண்டு கேட்டு வாங்குங்கள்: முனை தேய்ந்தது ஒன்று, கூர்மையானது ஒன்று. நிறம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இன்லேயின் எழுத்துருவோ பட்டையின் அகலமோ சிலவேளை மாறியிருக்கும். அப்படியானால் பதிவேட்டில் அது இரண்டு வரி.